விக்கல் வேதவல்லியின் அழுகை

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். காலமானவர் என்னோடு ஒரே ஆபீஸில் வெகுகாலம் வேலை பார்த்தவர். வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் ரிப்பேர். என் வயதில் மூன்று மாடி ஏறுவது என்றால், ஏறிப் போய் அவருக்குப் பக்கத்திலேயே ஒரு பாயை விரித்துப் படுத்துவிடுவதுதான் மரியாதை. நின்று நின்று ஏறி, யாரோ கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் போனவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் மகள் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஊதுவத்தியும் ரோஜா மாலையும் சேர்ந்த அந்த வாசனை இருக்கிறதே, அது மூக்கில் பட்டாலே எனக்குக் காப்பி குடிக்க வேண்டும் போல இருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

காப்பியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மூன்று தடவை மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. ஆள் போய்விட்டாளோ என்று நினைக்கிற அளவுக்கு ஒரு மௌனம். அப்புறம், தண்ணீர் வற்றிப்போன அடிபம்பை யாரோ ஓங்கி அடித்த மாதிரி, ‘ஈக்’ என்று ஒரு விக்கல். மறுபடி மூன்று மூச்சு. மறுபடி விக்கல்.

யாருடைய செல்போனோ அப்படி அலறியது. கூடத்தில் இருந்தவர்கள் முதலில் திடுக்கிட்டார்கள். அப்புறம் ஒரு பெண்மணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகையால் அல்ல. சுவரோரம் நின்றிருந்த இளவட்டங்கள் வெளியே ஓடிப் போய்ச் சிரித்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடைசியில் செத்தவரின் மகளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். போனுக்குச் சொந்தக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஆசாமி. சட்டைப் பை, பேண்ட் பை எல்லாம் துழாவி அதை அமுக்கிவிட்டு, “சாரி, சைலன்ட்ல போட மறந்துட்டேன்” என்றார். முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எனக்குக் காப்பி ஆசையெல்லாம் போய்விட்டது.

அந்த ஆசாமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு டி.வி.யில் ‘எதிர்வீட்டு ஏகாம்பரம்’ படத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டிருந்தார்கள். படம் என்று ஒன்று முழுசாக இப்போது கிடையாது. மிஞ்சியிருக்கும் ஒரே துண்டை, அதில் வரும் இந்த அழுகையைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அதில் நடித்தவர்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டே கேட்டாள். செத்துப்போய்விட்டார்கள் அம்மா, அதைத்தான் செய்கிறார்கள் என்று நான் டி.வி.யைப் பார்த்துச் சொன்னேன். பேரன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினான். மறுநாளே அந்த அழுகை ஊரில் பாதிப் பேர் போனில் ஏறிவிட்டதாம். காய்கறிக்கடையில் கேட்டேன், பேங்க்கில் கேட்டேன். துக்க வீட்டில் கேட்பேன் என்று மட்டும் நினைக்கவில்லை.

அந்த அழுகை எனக்குத் தெரியும். அது பிறந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், கையில் டீ கெட்டிலோடு.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அடையாறு பக்கம் ஒரு மாந்தோப்புக்குள் ஸ்டூடியோ என்று ஒன்று இருந்தது. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கொட்டகை, சுற்றிலும் மரம், மரத்தில் காக்கை. காக்கை கத்தினால் சவுண்டு கெட்டுவிடும் என்று அதை விரட்டுவதற்கென்றே ஒரு ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆளைவிட ஒரு படி மேலான வேலை எனக்கு. புரொடக்‌ஷன் ஆபீஸ் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருந்த சந்தில் எல்லோரும் என்னைப் பெரிய புள்ளி என்றே நினைத்திருந்தார்கள். உண்மையில் ஜட்கா வண்டி பிடித்து வருவது, சாப்பாடு சொல்வது, டீ ஊற்றுவது, தொலைந்துபோன விக்கைத் தேடுவது, இவ்வளவுதான். மீசை ஒட்டுகிற பசையின் காரமான நெடி எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. எங்கேயாவது வார்னிஷ் அடித்தால் எனக்கு மீசை ஒட்டினாற்போல உதடு அரிக்கிறது.

அந்தக் காலத்தில் காமெடி எடுக்கிற முறையே வேறு. கதைப் படம் தனி, காமெடி தனி. காமெடிக்கென்று ஒரு கோஷ்டி இருக்கும். அவர்களே கதை ஜோடித்து, அவர்களே நடித்து, கதாநாயகன் வராத நாட்களில் எடுத்து முடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதை ஒரு புராணப் படத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். புதிதாகச் செட் கிடையாது. இந்திர சபையின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துச் சுண்ணாம்பு அடித்தால் அதுதான் மயிலாப்பூர்த் தெரு. ‘எதிர்வீட்டு ஏகாம்பர’த்தில் ஏகாம்பரத்தின் வாசற்கதவுக்கு மேலே உற்றுப் பார்த்தால் ஐராவதத்தின் தும்பிக்கை தெரியும். பார்த்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவு சிரித்தார்கள். அந்தப் புராணப் படத்தை இன்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கதை இதுதான். நாடகக்காரர்களுக்கு யாரும் வீடு கொடுப்பதில்லை. அதனால் ஒரு நாடக கோஷ்டி ஆசாரமான குடும்பம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஏகாம்பரம் என்கிற வீட்டுக்காரரிடம் வருகிறது. ‘வயசான அம்மா, நோயாளி, பெரிய மனசு பண்ணுங்க’ என்று கெஞ்சி வீட்டைப் பிடித்துவிடுகிறது. நோயாளி அம்மாவாகப் புடவை கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருப்பவர் அண்டா ஆறுமுகம். அண்டா என்றால் அண்டாவேதான், கட்டில் இரண்டு தடவை நிஜமாகவே ஒடிந்தது. பிள்ளையாக வருகிறவர் தந்தி முத்தையா. தந்திக் கம்பத்துக்கு வேட்டி கட்டினது போல இருப்பார். மருமகளாக வந்தவள்தான் வேதவல்லி. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் ஒற்றை அறையில் அம்மாவோடு இருந்தாள். அப்பா யார் என்று அவள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. சின்ன வயதிலிருந்தே நாடகத்தில் தூக்கிப் போட்டு வளர்த்த பெண். நல்ல உயரம், பெரிய கண், வாய் கொஞ்சம் கோணல். என்னைத் தம்பி என்பாள். நான் அக்கா என்பேன்.

டைரக்டரை டைரக்டர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். பேரைச் சொன்னால் நீங்கள் மாலை வாங்கக் கிளம்பிவிடுவீர்கள்.

வேஷம் கலைந்து, ஏகாம்பரம் அவர்களுடைய பாத்திரம் பண்டத்தையெல்லாம் தெருவில் எறிகிற காட்சி. மருமகள் அழ வேண்டும். வேதவல்லி நாடகத்தில் கற்ற அழுகையை அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு, கடைசி வரிசைக்குக் கேட்கிறாற்போல. டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. வெய்யில் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவர் அண்டா ஆறுமுகத்தைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஆறுமுகம் தலையை ஆட்டினார். முதலில் வேண்டாம் என்பது போல, பிறகு சரி என்பது போல. டைரக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தில் இருக்க முடியாது. ஆறுமுகம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேதவல்லியிடம் போனார். காமிரா ஓட ஆரம்பித்துவிட்டது. அவளுக்குத் தெரியாது.

“வேதா, சைதாப்பேட்டைலேந்து ஆளு வந்துகீது. உங்கம்மா பூட்டாங்களாம்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விக், பொய் மூக்குத்தி, மஞ்சள் பூசின கன்னம். அதையெல்லாம் தாண்டிப் பார்த்தாள். பிறகு மூன்று தடவை மூச்சை இழுத்தாள். நின்றது. அப்புறம் அந்த விக்கல்.

அதுவரை அவள் நிஜமாக அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பாவி, அவள் அழுகை அப்படித்தான் இருந்தது. சிலருக்குத் தும்மல் வேடிக்கையாக இருக்கும், சிலருக்குக் கொட்டாவி. இவளுக்கு அழுகை. அதற்கு அவள் என்ன செய்வாள்? சிரிப்பு வந்தது. யாருக்கும் அடக்க முடியவில்லை. சவுண்டு கெட்டுவிடக் கூடாதே என்று லைட்காரர்களும் காமிராக்காரரும் தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள். காக்கை விரட்டுகிறவன்கூட மரத்தடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

டைரக்டர் “பலே!” என்று கையைத் தட்டினார். ஆறுமுகம் உடனே, “சும்மா சொன்னேன் வேதா. ஆயா கல்லு மாதிரி கீது, போ” என்றார். அவள் “நெசமாவா?” என்றாள். “நெசமாத்தான்” என்றார். எது நிஜம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “நெசமாவா, நெசமாவா” என்று செட்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். எல்லோரும் சிரித்தபடியே தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். இன்னும் ஒரு ஷாட் பாக்கி இருக்கிறது என்றார் டைரக்டர். அதையும் நடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஜட்கா பிடித்து நான்தான் கூடப் போனேன். அவள் அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “இன்னாடி, சீக்கிரமா வந்துட்டே? வேஷத்தைக் கூட கலைக்கல?” என்று கேட்டாள். வேதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

படம் ஓடிய ஓட்டத்தை நான் சொல்ல வேண்டாம். ஜனங்கள் அவளுக்கு ‘விக்கல் வேதவல்லி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். டிராமில் ஏறினால் கண்டக்டர் மூன்று மூச்சு இழுத்துக் காட்டுவான். பாண்டி பஜாரில் வளையல் வாங்கப் போனால் கடை முழுக்க விக்கும். அவளும் சிரிப்பாள். புகழ் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று எண்ணியிருக்கலாம்.

சண்டை முடிந்து அடுத்த மழைக்காலத்தில் அவள் அம்மாவுக்கு மார்ச்சளி கண்டது. ஆற்றோர அறையில் தரை எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். பாயைத் தூக்கினால் அடியில் பாசி. டாக்டர் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் அப்புறம், முதலில் இந்த ஈரத்தை விட்டு வெளியே கொண்டு போங்கள், இன்னொரு மழையை இங்கே தாங்காது என்று சொல்லிவிட்டார். “தம்பி, நீதான் தெருத்தெருவா சுத்தறவன். காஞ்ச தரையா ஒரு வீடு பாரு. வேற ஒண்ணும் வாணாம்” என்றாள் வேதவல்லி.

குண்டு விழும் என்று பட்டணமே காலி பண்ணி ஓடிய வருஷத்தில் கேட்டிருந்தால் மயிலாப்பூரில் கையைப் பிடித்து இழுத்துக் குடிவைத்திருப்பார்கள். ஓடினவர்கள் எல்லாம் திரும்பிவிட்ட சமயம் அது. கூடவே புதிதாக ஆயிரம் குடும்பங்கள். டு-லெட் போர்டு பார்ப்பதே நல்ல சகுனம் என்றிருந்தது. தி.நகரில் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வீட்டில் ஒரு பகுதி காலி என்று கேள்விப்பட்டுப் போனோம். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். சினிமா என்றாள். “பக்கத்துல குடும்பங்கள் இருக்கும்மா” என்று கதவைச் சாத்தினார். அந்த மனிதரை நான் இன்றும் மரியாதையாகவே நினைக்கிறேன். அவர் எங்கள் படத்தைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒரு வக்கீல். லஸ்ஸுக்குப் பக்கத்தில் பெரிய வீடு. பின்கட்டு மட்டும் வாடகைக்கு. நான் முந்தின நாளே போய்ப் பேசி, அம்மாவும் பெண்ணும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். வேதவல்லி வெளிர் நூல்புடவை கட்டிக்கொண்டு, பவுடர்கூடப் போடாமல் வந்தாள். பின்கட்டுக்குள் நுழைந்ததும் அவள் சுவரைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மூலைக்கு மூலை போய் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் எந்த லைட்டிலும் பார்த்ததில்லை.

“காஞ்சிகீது தம்பி” என்றாள்.

அதற்குள் வக்கீல் வந்துவிட்டார். அவளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“அடடே, நீதானே அது! விக்கல்!” என்று ஒரு கூப்பாடு போட்டார். “அடியே, ஓடி வா, நம்மாத்துக்கு யார் வந்திருக்கா பாரு!”

நிமிஷத்தில் கூடம் நிறைந்துவிட்டது. மாமி, மருமகள்கள், குழந்தைகள், பக்கத்து வீட்டு மனுஷர்கள். வேதவல்லியை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். காப்பி வந்தது. வக்கீலுக்கு வெள்ளி டம்ளரில், எங்களுக்குத் தனியாக எடுத்து வைத்திருந்த கண்ணாடி கிளாஸில். வக்கீல் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை என்றார். நான் மெதுவாக வீட்டு விஷயத்தை ஞாபகப்படுத்தினேன்.

வேதவல்லி எழுந்து நின்று கையைக் கூப்பினாள். “ஐயா, எங்கம்மாவுக்கு மார்ல சளிங்க. வயசானவங்க. ஈரத்துல கெடக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நீங்க பெரிய மனசு பண்ணணும்.”

வக்கீல் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “அப்படியே அந்த டயலாக்! வயசான அம்மா, நோயாளி! அம்மா யாரு? அண்டா ஆறுமுகம்தானே? புடவையைக் கட்டிண்டு கட்டில்ல படுத்துப்பானே! எங்காத்துக் கட்டில் தாங்குமோ?”

கூடமே சிரித்தது.

“இல்லீங்க, நெசமாலுமே எங்கம்மாங்க.”

இதையும் படத்தில் ஏகாம்பரத்திடம் அவள் சொல்லியிருந்தாள். கிட்டத்தட்ட இதே வார்த்தை. குழந்தைகள் தரையில் உருண்டார்கள். நான் குறுக்கே போய், “சார், வேடிக்கை இல்லை, அந்த அம்மாவை நானே பார்த்திருக்கேன்” என்றேன். “பார்த்திருப்பே, பார்த்திருப்பே. நீ யாரு, தந்தி முத்தையாவுக்குத் தம்பியா?” என்றார் வக்கீல். அன்று என் தேகம் அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்படிதான் இருந்தது. கோர்ட்டில் பொய்ச் சாட்சியை வாசனையிலேயே கண்டுபிடிப்பவர் என்று பேர் வாங்கின மனுஷர் அவர். மெய்யை எதிரில் நிறுத்தினால் தெரியவில்லை.

வேதவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அன்று செட்டில் ‘நெசமாவா’ என்று கேட்டுக்கொண்டு போனாளே, அதே மாதிரி. பிறகு அவளுக்கு மூச்சு இழுத்தது. வேண்டாம் அக்கா, வேண்டாம் என்று நான் மனசுக்குள் கத்தினேன். மூன்று மூச்சு. மௌனம். விக்கல்.

ஓடு பறந்துவிடும் போல ஒரு சிரிப்பு. மாமி தூணைப் பிடித்துக்கொண்டாள். வக்கீல் கண்ணில் தண்ணீர் கொட்ட, நாடகக் கொட்டகையில் கத்துவது போல “ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!” என்று கத்தினார். அவள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். அப்போதும் விரல் இடுக்கில் அது வந்துகொண்டே இருந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் வக்கீல் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேஷ், பேஷ். வயிறு புண்ணாப் போச்சு. வீட்டு விஷயம் ஆத்துல கலந்துண்டு சொல்லியனுப்பறேன்” என்றார். நாங்கள் வாசற்படி இறங்கும்போதே மாமி அந்தக் கிளாஸ்கள் இரண்டையும் தனியே வை என்று யாருக்கோ சொல்வது கேட்டது. அவர் சொல்லியனுப்பவில்லை. பின்கட்டுக்கு ஒரு விறகுத் தொட்டிக்காரர் குடும்பம் வந்துவிட்டது.

தெப்பக்குளத்துக்கு வந்ததும் அவள் படிக்கட்டில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். “தம்பி, அங்கே நான் அழுதது நெசமா இர்ந்துச்சா, நடிப்பு மாதிரி இர்ந்துச்சா?” என்று கேட்டாள். நிஜம்தான் அக்கா என்றேன். “எனக்கே தெரியலப்பா” என்றாள்.

அதற்கப்புறமும் தேடினோம். மந்தைவெளி, மாம்பலம், கோடம்பாக்கம். எங்கே போனாலும் ஒன்று படம் பார்க்காதவர்கள் கதவைச் சாத்தினார்கள், அல்லது படம் பார்த்தவர்கள் கதவைத் திறந்து சிரித்துவிட்டுச் சாத்தினார்கள். அடுத்த மழையும் வந்துவிட்டது. ஆறு ஏறிக்கொண்டே வந்து வாசற்படியைத் தொட்டது. ஒரு காலை நேரம் நிஜமாகவே சைதாப்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. அன்றைக்கு ஷூட்டிங் இல்லை. அண்டா ஆறுமுகமும் நானும் ஆபீஸில் இருந்தோம். ஆள் சொன்னதைக் கேட்டு ஆறுமுகம் வந்தவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்கிறானோ என்று தேடினாற்போல இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் கால் வைக்க இடமில்லை. இவ்வளவு பேரா அந்தக் கிழவிக்கு என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். கிட்டே போனதும்தான் புரிந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்திருந்தார்கள். கோர்ட்டுக்கு வந்தவர்கள் வந்திருந்தார்கள். சிலர் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். விக்கல் வேதவல்லி அழப்போகிறாள், அதுவும் இனாமாக. ஒருவன் பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். அந்த மென்ற வாய் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அதை நினைத்தால் பொரிகடலை எனக்கு இறங்குவதில்லை.

உள்ளே ஈரத் தரையில் பலகை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வேதவல்லி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பந்தாக்கி வாய்க்குள் திணித்திருந்தாள். சவுண்டு கெடாமலிருக்க லைட்காரர்கள் துண்டைத் திணித்துக்கொண்டார்களே, அதே மாதிரி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பக்கத்து அறையில் இருந்த மீன்காரி முனியம்மா வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா பாக்க வந்துகீறீங்க? டிக்கெட்டு வாங்கிக்கினு வந்தீங்களா? சாவு வூட்ல இன்னாய்யா சினிமா? போங்கய்யா அப்பால!”

கூட்டம் நாலடி பின்னால் போயிற்று. அங்கேயே நின்றது.

தெரு முனையில் புளியமரத்தடியில் குடையோடு ஒரு பெரிய உருவம் தெரிந்தது. அண்டா ஆறுமுகம். உள்ளே வாங்கண்ணே என்று கூப்பிட்டேன். “நான் வந்தா சிரிப்பாங்கப்பா” என்றார். பிறகு, “அன்னிக்கு இந்த வாயாலதானே சொன்னேன்” என்றார். பாடை கிளம்புகிறபோது பெண்கள் எல்லோரும் ஒரு குரலாகக் கதறுவார்கள் இல்லையா, அந்தக் கணத்தில் கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. வேதவல்லி எழுந்து நின்றாள். அம்மாவின் கால் கட்டைவிரலைத் தொட்டாள். தலைப்பு வாயிலேயே இருந்தது. சத்தம் வரவில்லை. பாடை முனையைத் தாண்டியதும் ஆறுமுகம் குடையை மடக்கிவிட்டு, மழையில் நனைந்துகொண்டு கடைசி ஆளாகப் பின்னால் போனார். “இன்னாபா, அழவே இல்லியே” என்று பொரிகடலைக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

அந்த டி.வி. பெண் கேட்டாளே, எல்லோரும் என்ன ஆனார்கள் என்று. சொல்கிறேன். அண்டா ஆறுமுகம் சர்க்கரை வந்து இளைத்துப்போனார். தந்தி முத்தையா ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டு பருத்துப்போனார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. ஆறுமுகம் பாண்டி பஜாரில் ஒரு வெற்றிலைக்கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் அண்டா என்பார். யாரும் நம்ப மாட்டார்கள். ஏகாம்பரமாக நடித்தவர் வாயில்லாப் பூச்சி. பாத்திரத்தை எறிந்த பாவி என்று தெருப்பிள்ளைகள் அவர்மேல் மண்ணை வாரி இறைத்தார்கள். அவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். டைரக்டர் மட்டும் அமோகமாக இருந்தார். பிற்பாடு தி.நகரில் ஒரு விழாவில் இயற்கை நடிப்பைப் பற்றிப் பேசினார். அந்த அழுகையை எப்படி வாங்கினேன் தெரியுமா என்று ஆறுமுகத்திடம் ரகசியம் சொன்ன கதையை விவரமாகச் சொன்னார். ‘அவளுக்கு அம்மா செத்தாள், எனக்குக் காட்சி பிறந்தது’ என்றார். சபை எழுந்து நின்று கை தட்டியது. நானும் எழுந்தேன், வெளியே போவதற்கு. எத்தனை பேர் காலை மிதித்தேன் என்று தெரியாது. நன்றாகவே மிதித்திருப்பேன்.

வேதவல்லி அதற்கப்புறம் நடிக்கவில்லை. நாடு சுதந்திரம் வாங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும், சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் கூடையோடு பார்த்தேன். முனியம்மாவோடு சேர்ந்து வியாபாரம். கறுத்திருந்தாள். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. “எப்படி இருக்கே அக்கா?” என்றேன். “நல்லாக்கீறேன் தம்பி. மீனேன்னு கூவறப்போ யாரும் சிரிக்கிறதில்ல” என்றாள். பிறகு மீனைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அம்மாவுக்குன்னு ஒரு நாளு குந்தி அழணும்னு பாக்கறேன். வர மாட்டேங்குது. வர்ற மாதிரி கீது, ஒடனே எவனோ சிரிக்கிறது காதுல கேக்குது.” நான் வாங்கிய வஞ்சிரத்தை வீட்டில் யாரோ சமைத்தார்கள். நான் சாப்பிடவில்லை.

துக்க வீட்டு மாடிப்படியில் அந்தப் போன்காரரைப் பிடித்தேன். தனியாகக் கூப்பிட்டு, முழுக்கதையையும் சொல்ல மூச்சில்லாததால், ஒன்றே ஒன்று சொன்னேன். “தம்பி, அது நடிப்பு இல்லை. அம்மா செத்துட்டாங்கன்னு பொய் சொல்லி அழவெச்சது. நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.”

அவர் முகம் மாறியது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

“அப்படின்னா ரியலா சார்?” என்றார். “அதான் இவ்வளவு காமெடியா இருக்கு! சூப்பர் சார். எங்க குரூப்ல சொல்றேன்.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். அடையாற்றில் மாந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. லஸ்ஸில் டிராம் இல்லை. வக்கீல் வீட்டின் காய்ந்த தரையை உடைத்துக் கார் நிறுத்துகிறார்கள். ஆற்றோரக் குடிசைகளை ஒரு நாள் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினார்கள். முனியம்மாவும் வேதவல்லியும் எந்த லாரியில் போனார்கள் என்று சொல்ல யாரும் இல்லை. படத்தின் ரீல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிப் போனதில், தப்பிப் பிழைத்தது அந்த ஒரு துண்டுதான். பெற்றவள் போய்விட்டாள் என்று அவள் அழுத அழுகை அது ஒன்றுதான். அம்மா நிஜமாகப் போன அன்று அவளிடம் அது இல்லை. இப்போது அந்த ஆளின் சட்டைப் பையில் இருக்கிறது.